எரு போடக் கூடாது

நான் விவசாயம் படிப்பித்த வாத்தியார். இதை முதலே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் வரப்போகிற மடைத்தனத்தின் முழு அளவு ஒருவருக்கும் விளங்காது.

காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் தோட்டம். முப்பது வருடத்துக்கு மேல் இதுதான் என் வாழ்க்கை. வீட்டைச் சுற்றியிருந்த செம்மண்ணில் சின்ன வெங்காயம் போடுவேன். ஒரு போகம் முடிந்தால் பீற்றூட், பிறகு மிளகாய். என் வெங்காயத்தைச் சுன்னாகம் சந்தையில் கையில் எடுத்துப் பார்த்ததும், இது இன்னாருடையது என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு. எங்கள் பக்கத்தில் மண்ணைச் சும்மா கிடக்க விடுகிறவனுக்கு மதிப்பில்லை. வீட்டு வாசற்படி வரைக்கும் பாத்தி கட்டுகிற ஆட்கள் நாங்கள்.

என் மனைவிக்குப் பூ விருப்பம். சாமிக்கு வைக்கிற பூவைச் சொல்லவில்லை. அதற்குக் கிணற்றடியில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் நின்றன, அதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. அவளுக்குச் சும்மா பார்ப்பதற்குப் பூ வேண்டும். வீட்டுக்கு முன்னால் ஒரு துண்டு நிலத்தில் சீனியாஸ், கொஸ்மஸ், பட்டிப்பூ என்று கலந்து வளர்த்தாள். மாலையும் கட்ட முடியாது, கறியும் வைக்க முடியாது. "உந்தப் பூவை வைச்சுச் சோறு தின்னேலுமோ?" என்று நான் கேட்பேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

ஒருமுறை தமக்கைக்குச் சுகமில்லை என்று வட்டுக்கோட்டைக்குப் போய் நான்கு நாள் நின்றாள். வெங்காயத்துக்கு நல்ல கிராக்கி இருந்த நேரம். என்னிடம் கொஞ்சம் விதை வெங்காயம் மிச்சம் இருந்தது. மண்வெட்டியை எடுத்தேன், அந்தத் துண்டைக் கொத்தினேன், நட்டேன். அரை நாள் வேலை. அவள் திரும்பி வந்து கேற்றைத் திறந்தாள். கையில் பையோடு நின்று பார்த்தாள். நான் சண்டைக்கு ஆயத்தமாக நின்றேன். சொல்வதற்குப் பத்து நியாயம் வைத்திருந்தேன். அவள், "வெங்காயமும் பூக்கும்தானே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் உலை வைத்தாள்.

வெங்காயத்தைப் பூக்கவிட்டால் விளைச்சல் போய்விடும் என்று அவளுக்கும் தெரியும். அதன்பிறகு அவள் நிலத்தில் பூ நடவில்லை. பழைய பெயின்ற் வாளிகளில் மண் நிரப்பி, விறாந்தை ஓரத்தில் வைத்து வளர்த்தாள். பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைத்தேன்.

ஐந்து வருடத்துக்கு முன் கனடாவில் எங்கள் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. ஒரே மகள். தாய் போகாமல் முடியுமா? "ஆறு மாதந்தான், இஞ்சாருங்கோ. வாளியளுக்குத் தண்ணி விட மறந்திடாதையுங்கோ" என்று சொல்லிவிட்டு விமான நிலையத்துக்குப் போகிற வாடகை வானில் ஏறினாள். ஆறு மாதம் ஒரு வருடமானது. மகள் வேலைக்குத் திரும்பினாள், பேத்தியைப் பார்க்க ஆள் வேண்டும். வருடம் இரண்டானது, மூன்றானது. வாளிகளில் நின்றவை முதல் வருடமே செத்துப்போயின. தண்ணீர் விட மறந்தேன் என்று சொன்னால் அது பொய். கோபத்தில் விடவில்லை. ஆரில் கோபம் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது.

தனியே இருக்கிற ஆணின் வீடு எப்படி இருக்கும் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சுண்டு அரிசி போட்டால் இரண்டு நேரத்துக்குக் காணும். பருப்பைச் சட்டியிலிருந்தே சாப்பிடலாம், கழுவ ஒரு கோப்பை குறையும். தேநீர் போடும்போது முதல் வருடம் முழுக்க என் கை தானாகவே இரண்டு கோப்பையை எடுத்தது. பிறகு அதுவும் நின்றுபோயிற்று. பின்னேரம் ஆறு மணிக்கு அவள் தொலைபேசியில் வருவாள். அங்கே அது காலை. பேத்தி முகத்தைக் காட்டிவிட்டு ஓடிவிடும். "சாப்பிட்டீங்களோ?" "ஓம்." "மழையோ?" "இல்லை." இப்படி ஐந்து நிமிடம் கதைப்போம். வைத்த பிறகு வீடு முன்பைவிட அமைதியாகிவிடும். எனக்கு அவள் இல்லாமல் தாங்க முடியவில்லை. அதை ஒருநாளும் அவளிடம் சொல்லவில்லை. வாத்தியார்மாருக்கு மற்றவர்களைக் கேள்வி கேட்கத்தான் பழக்கம்.

போன வருடத்துக்கு முந்திய ஆவணியில் உறவுக்காரர் ஒருவர் நல்லூர்த் திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்து வந்தார். அவரிடம் அவள் ஒரு பொதி கொடுத்து விட்டிருந்தாள். சொக்கலேற், முழங்காலுக்குத் தைலம், இந்த வெக்கையில் ஒருவரும் போடாத காலுறை, அவற்றோடு ஒரு விதைப் பக்கற். மேலே மஞ்சள் மஞ்சளாகப் பூக்களின் படம். கொரியோப்சிஸ் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வெயிலில் வளர்கிற வேறு இரண்டு மூன்று காட்டுப்பூக்களும் கலந்திருந்தன.

"இஞ்சை பின் வேலியோரம் ஒரு சின்னத் துண்டு இருக்கு. அதிலை தூவினனான். கோடை முழுக்கப் பூத்துக் கொட்டினது" என்றாள் அன்று பின்னேரம். "நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. மழை பெய்ஞ்ச உடனை சும்மா தூவி விடுங்கோ."

"ஓம்" என்றேன். மனதுக்குள் சிரித்தேன். ஒன்றும் செய்யாமல் ஒரு பயிர் வருமா? ஆருக்குச் சொல்லுகிறாள்?

பிறகுதான் முக்கியமான விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு அங்கே நிரந்தரமாக இருக்கிறதற்கான அனுமதி கிடைக்கப்போகிறது. மாசியில் மகள் ஒரு மாதம் லீவு எடுக்க, இவள் இங்கே வருகிறாள்.

"வந்து நிண்டு பாத்திட்டு யோசிப்பம்" என்றாள்.

"என்னத்தை யோசிக்கிறது?"

"நிக்கிறதோ, போறதோ எண்டு."

அன்றைக்கே நான் தீர்மானித்துவிட்டேன். அவளை மறிக்க என்னிடம் வார்த்தை இல்லை. ஆனால் நிலம் இருக்கிறது. அவள் கேற்றைத் திறக்கும்போது, நான் அன்று கொத்தி எறிந்த அதே துண்டில், அவளுடைய பூ நிற்க வேண்டும். அதைப் பார்த்தால் அவளுக்கு விளங்கும். விளங்கினால் நிற்பாள்.

அந்தத் துண்டில் அந்த வருடம் நான் வெங்காயம் போடவில்லை. பக்கத்துத் தோட்டக்காரருக்கு அது பெரிய அதிசயம். ஐப்பசி முதல் மழைக்கு மண்ணை இரண்டுதரம் கொத்தினேன். கட்டி உடைத்து மாவாக்கினேன். ஆட்டெரு இரண்டு வண்டில் கொண்டுவந்து பறித்து, மாட்டெருவும் சாம்பலும் கலந்து பரப்பினேன். அளவு பிடித்துப் பாத்தி கட்டினேன், வாய்க்கால் வெட்டினேன். என் வாழ்நாளில் வெங்காயத்துக்குக்கூட அவ்வளவு பார்த்துச் செய்ததில்லை.

விதை போடுகிற அன்று கேற்றடியில் நின்று பக்கற்றைப் பல்லால் கடித்துத் திறந்தேன். அது ஒருபக்கமாகக் கிழிந்து, ஒரு பிடி விதை கீழே கொட்டிவிட்டது. அந்த இடம் ஒன்றுக்கும் உதவாத இடம். பழைய மதிலை இடித்தபோது பறித்த சுண்ணாம்புக் கல்லும் சல்லியும்தான் அங்கே. புல்லும் முளைக்க யோசிக்கும். அந்த நேரம் சைக்கிளில் போன பக்கத்துத் தோட்டக்காரர் காலை ஊன்றி நின்றார்.

"மாஸ்டர், உதென்ன விதை?"

"பூ."

"பூவோ?" என்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "சுகந்தானே?"

கொட்டினதைச் செருப்பால் தட்டி விட்டேன். போனது போகட்டும், மிச்சம் நல்ல மண்ணுக்குப் போகிறது என்று நினைத்தேன்.

பாத்தியில் முளைத்தது, முளைத்ததுதான்! மழை விட்ட பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை மிசின் போட்டு இறைத்தேன். மார்கழியில் கொஞ்சம் யூரியாவும் எறிந்தேன். தை பிறக்கும்போது இடுப்பளவுக்கு வந்துவிட்டது. கரும்பச்சை, கொழுத்த இலை. வாடைக்காற்றுக்குத் தன் பாரம் தாங்காமல் சாய்ந்தது. தடி நட்டுக் கயிறு கட்டினேன். மொட்டு மட்டும் இல்லை.

"பூத்திட்டுதோ?" என்று அவள் ஒவ்வொரு பின்னேரமும் கேட்டாள்.

"மொட்டுக் கட்டுது" என்றேன். பொய்.

"காட்டுங்கோவன்."

"இருட்டுப்பட்டிட்டுது, நாளைக்குக் காட்டுறன்."

இருட்டுப்பட இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாஸ்டர், உது ஆட்டுக்குக் குழையோ?" என்று கேட்டார். அந்த மனுசன் பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் கூடச் சுட்டது.

தை முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது, அலுமாரியில் எறிந்திருந்த அந்தப் பக்கற்றைத் தேடி எடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தேன். சின்ன எழுத்தில் எல்லாம் இருந்தது. நல்ல வெயில் வேண்டும். மண் வளமாக இருக்கத் தேவையில்லை. எரு போடக் கூடாது. தண்ணீர் அதிகமானால் இலைதான் கொழுக்கும், பூ வராது.

எத்தனை பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்புப் பேனையால் எழுதியிருப்பேன், 'கேள்வியை முதலில் வாசி' என்று! வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். எங்கள் வீட்டில் பிள்ளை கெட்டிக்காரி. மக்கு வாத்தியார்தான். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றவன், படித்துப் பார்க்கவுமில்லை, அவள் சொன்னதைக் கேட்கவுமில்லை. எங்கள் ஊர் ஆட்களுக்கு ஒன்றில் அன்பு வந்தால் உடனே எரு போட்டு இறைக்கத்தான் தெரியும். சும்மா விடத் தெரியாது. விறாந்தையில் இருந்து அந்தப் பச்சைப் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. பார்க்க ஒருவரும் இல்லாதபடியால் அழுதேன்.

அவள் வருவதற்கு ஒரு கிழமை இருக்கும்போது வளவைத் துப்புரவாக்கினேன். கேற்றடியில் ஏதோ மெல்லிய களை முளைத்து நின்றது. நூல் போன்ற இலை, ஒல்லித் தண்டு. மண்வெட்டியால் செருக்கிக்கொண்டு வந்தேன். பாதிக்கு மேல் செருக்கிவிட்டேன். அப்போதுதான் மண்ணில் விழுந்து கிடந்த ஒன்றில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தேன். பூ.

மண்வெட்டியைக் கீழே போட்டேன். ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் மிச்சம் நின்றது. ஒவ்வொன்றிலும் மொட்டு. கல்லுக்குள், ஒருவரும் தண்ணீர் விடாமல், ஒருவரும் பார்க்காமல், மாதக்கணக்காக அது தன்பாட்டில் வளர்ந்திருக்கிறது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போய் வந்திருக்கிறேன்.

வான் வந்து நின்றபோது அது முழுக்கப் பூத்திருந்தது. நடுவில் கொஞ்சம் அரக்குச் சிவப்பு, சுற்றிவர மஞ்சள். அவள் இறங்கினாள். கொஞ்சம் பெருத்திருந்தாள், தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். என்னைப் பார்க்க முன் பூவைப் பார்த்தாள்.

"இதிலையோ தூவினனீங்கள்? வலு கெட்டித்தனம். இதுக்கு இப்பிடிக் கல்லுத்தரைதான் வேணும்."

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக முன்பக்கத்தைக் கையால் காட்டினேன். தடியில் கட்டுண்டு நின்ற அந்தப் பச்சைக் காட்டை அவள் பார்த்தாள். எருவின் மணமும் வந்திருக்கும். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கேற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"ஐயோ, வெங்காயத்துக்குப் போட்ட மாதிரியெல்லே போட்டிருக்கிறியள்!"

நான்கு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு என் வளவுக்குள் கேட்டது. இனி இவள் போகமாட்டாள் என்று நான் நினைத்தேன்.

அந்த மாதம் நல்ல மாதம். பச்சைப் பாத்தியை வெட்டிப் பக்கத்து வீட்டு ஆடுகளுக்குக் கொடுத்தோம். அவை சந்தோசமாகச் சாப்பிட்டன. காலையில் எழும்பினால் குசினியில் சத்தம் கேட்கும். இரண்டு கோப்பை தேநீர். அவள் தன்னுடையதை எடுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போய், குந்தியிருந்து, வாடின பூவைக் கிள்ளுவாள். நான் விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நிற்கிறதோ போகிறதோ என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம். திரும்பிப் போகிற பிளேன் ரிக்கற் அவளுடைய பையில் இருந்தது. ஒருமுறை பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி மூடிவைத்தேன்.

பங்குனி வெயில் ஏற, பூக்கள் காய்ந்து விதையானது. அவள் அவற்றைச் சுளகில் போட்டுக் கசக்கிப் புடைத்தாள். அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்கிறாள். எனக்கு நிலத்தில் கால் படவில்லை. இருக்கப்போகிறவள்தானே அடுத்த வருடத்தை நினைப்பாள்?

இரண்டு நாள் கழித்துச் சீனி எடுக்கப் போனபோது, அலுமாரித் தட்டில் பால்மாத் தகரப் பேணி ஒன்று புதிதாக இருந்தது. திறந்தேன். உள்ளே விதை. மேலே நாட்காட்டித் தாள் ஒன்று நாலாக மடித்துக் கிடந்தது. பின்பக்கத்தில் அவளுடைய உருண்டை எழுத்து.

'ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு தூவவும். கேற்றடியில் மட்டும். கொத்தக் கூடாது. எரு போடக் கூடாது. தண்ணீர் விடக் கூடாது. களை என்று பிடுங்கிவிட வேண்டாம், இலை நூல் மாதிரி இருக்கும்.'

சிரிப்புத்தான் வந்தது. பிறகு கடைசி வரிக்கு வந்தேன்.

'பூத்ததும் படம் அனுப்புங்கோ.'

தாளைப் பழையபடி மடித்தேன். பேணிக்குள் வைத்து மூடினேன். சீனி எடுக்க வந்ததை மறந்து குசினிக்குள் போனேன். அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், கையில் சீனி இல்லாததைப் பார்த்தாள். திருவலையை நிறுத்தினாள்.

"மகள் வேலைக்குப் போனால் சின்னவளை ஆரிட்டை விடுறது?" என்றாள். "என்னை விட்டிட்டு அந்தப் பிள்ளை நித்திரை கொள்ளாது."

"ஓம்."

"அங்கை எனக்கு அந்த வேலியோரத் துண்டும் இருக்கு." திருவின தேங்காய்ப்பூவைக் கையால் ஒதுக்கினாள். "ஒருத்தரும் கொத்தமாட்டினம்."

குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன், அது எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இனி நானும் கொத்தமாட்டன். நீர் நில்லும்" என்றேன். என் வாழ்க்கையில் அவளிடம் நான் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றுதான்.

"எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு, "நீங்களும் அங்கை வாங்கோவன். மகளும் எத்தினை தரம் கேட்டிட்டாள்."

"வெங்காயத்தை ஆர் பாக்கிறது?" என்றேன்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அன்று கையில் பையோடு கேற்றடியில் நின்று பார்த்த அதே பார்வை. பிறகு தேங்காயைத் திருவத் தொடங்கினாள். நானும் அதை மாற்றிச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த கிழமை அவள் போய்விட்டாள்.

இந்த ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் பேணியை எடுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போனேன். தாளில் உள்ளதை ஒரு வரி விடாமல் செய்தேன். செய்ததென்ன, ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அதுதான் கடினம். மழை விட்ட பிறகு பின்னேரங்களில் கை தானாகவே வாளியைத் தேடும். போய்க் கேற்றடியில் நிற்பேன், பார்ப்பேன், வெறுங்கையோடு திரும்பி வருவேன். முன்பக்கத் துண்டில் ஒன்றும் போடவில்லை. அது சும்மா கிடக்கிறது. மாஸ்டருக்கு வயது போய்விட்டது என்று ஊரில் கதைக்கிறார்களாம். கதைக்கட்டும்.

போன கிழமை பூத்தது. போன வருடத்தைவிட இரண்டு மடங்கு. கிட்ட நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

'நல்ல வடிவு. ஒரு கரைதான் தெரியுது. தள்ளி நிண்டு எடுங்கோ, முழுக்கப் பாப்பம்.'

கேற்றுக்கு வெளியே, ஒழுங்கைக்கு அந்தப் பக்கம்வரை போய் நின்று எடுத்தேன். படத்தில் பூ முழுக்க வந்தது. பூவுக்குப் பின்னால் கேற், வெறும் நிலம், விறாந்தை, இரண்டு கதிரை, திறந்தபடி கிடந்த கதவு எல்லாம் வந்தன. நான் படம் எடுப்பவன் என்றபடியால் வீட்டில் ஒருவரும் இல்லை.

அந்தப் படத்தை அனுப்பவில்லை. திரும்பக் கிட்டப் போய், குனிந்து, பூவை மட்டும் இன்னொருதரம் எடுத்து அனுப்பினேன்.